கைக்குழி குறைக்காத ஸ்வெட்டர்

ஆனைக்கொம்பைக்குப் போகிற சாயங்கால மினி பஸ்ஸில் லில்லிபுஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு அசதி போய்விடும் என்பதை எங்கள் மலையில் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே உட்காரப்போவது யார், எந்த ஸ்டாப்பிலிருந்து எந்த ஸ்டாப் வரைக்கும் என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மலை என்றிருந்தால் மழையும் பெய்யும், அட்டையும் கடிக்கும், இதுவும் நடக்கும் என்று விட்டுவிட்டார்கள். இது எப்படி நடக்கிறது என்று கேட்ட ஒரே மனிதர் கோயமுத்தூரிலிருந்து மருந்து விற்க வந்தவர். அவருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை, நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்று இடம் கொடுத்தார்கள், உட்கார்ந்து எழுந்தவர் அப்புறம் எதையும் கேட்காமல் இறங்கிப் போனார்.

லில்லிபுஷ்பத்துக்கு டவுனில், தாலுகா ஆபீசுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை. அது காலையிலிருந்து நிற்கிற வேலை. பட்டா, சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் என்று ஊரார் கொண்டுவருகிற எல்லாவற்றையும் கண்ணாடியின்மேல் கவிழ்த்து, மூடியை அழுத்தி, வெளிச்சம் ஓடி முடிக்கும்வரை நின்று, நின்று, கடை அடைக்கும்போது கணுக்கால் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கும். வீட்டுக்குப் போனால் அடுப்புக்கு முன்னால் நிற்கிற வேலை. இரண்டு நிற்றலுக்கும் நடுவே, மலை ஏறுகிற அந்த பஸ்ஸில்தான் அவளுக்கு உட்காரக் கிடைத்தது, உட்கார்ந்ததும் பையிலிருந்து ஊசிகளை எடுத்துக் கம்பளி நூலில் பின்ன ஆரம்பித்துவிடுவாள், அந்தப் பயணம் முழுக்க அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த நேரம் ஒன்றுதான் அவளுடையது.

அவள் பின்னி முடித்ததாக ஒன்றுகூடக் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமியாருக்குக் காதுக்குல்லா தொடங்கினால் பாதியில் நாத்தனார் தனக்கொரு சால்வை வேண்டும் என்பாள். சால்வை நாலு விரல் வளர்வதற்குள் கடை முதலாளியம்மா வீட்டில் குழந்தை பிறந்துவிடும். குழந்தைக்கு ஒரு காலுறை முடிவதற்குள் அது நடக்கத் தொடங்கி அடுத்த அளவுக்குப் போய்விடும். அவள் புருஷன் ஞானப்பிரகாசம், "நம்ம பீரோவுக்குள்ள ஒருத்தன் குடியிருக்கான். ஒரு கை, ஒரு கால், தலை மட்டும் கைப்பிள்ளை சைசு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, யாரிடமும் சொல்லாமல், கடுகுப்பூ மஞ்சளில் நூல் வாங்கி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் மார்பையும் தோளையும் தானே அளந்து, தனக்கென்று ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தாள். பட்டன் வைத்தது. இதை மட்டும் முடித்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறி இருந்தது.

முதுகுப் பக்கம் ஏறக்குறைய அக்குள்வரை வளர்ந்திருந்த ஒரு நாள், தேயிலை பறிக்கிற மருதாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழுந்து மூட்டையின் பட்டை அழுத்தி அழுத்தி நெற்றியில் பள்ளம் விழுந்த பொம்பளை, உட்கார்ந்ததும் தோளோடு தோள் சாய்ந்துவிட்டாள். லில்லி பின்னிக்கொண்டே இருந்தாள். எஸ்டேட் லயத்து வீடுகள் வந்து இறங்கும்போது மருதாயி கையை உதறிப் பார்த்தாள், இடுப்பை வளைத்துப் பார்த்தாள், "என்ன தங்கச்சி இது, அப்பத்தான் தூங்கி எந்திரிச்சாப்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் போனாள். லில்லி மடியில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. பனி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் மருதாயி அங்கேயே உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். அவள் சாய்ந்திருந்த நேரத்தில் பின்னிய வரிகள் நனைந்த விறகு மாதிரி விரலில் கனத்தன. அப்புறம் விஷயம் பரவியது. நூர்ஜஹான் டீச்சர் வந்து உட்கார்ந்தார். அவருடைய அசதி மெலிசாக, சாக்பீஸ் தூள் மாதிரி நறநறவென்று வந்தது. கொத்தனார் ஒருவருடையது தோளிலிருந்து மட்டும் வந்தது, இடுப்புக்குக் கீழே அவருக்கு அசதியே இல்லை. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தியின் அசதி வந்தபடியே இருந்தது, லில்லி ஒரு வரி முடித்து மறுவரி திருப்பிய பின்னும் தீரவில்லை. யாருடைய அலுப்பு எந்த வரியில் இருக்கிறது என்று அவள் விரல் வைத்துச் சொல்லிவிடுவாள், யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை.

பஸ் கிளம்புமுன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த ஒரு சீட்டில் துண்டும் குடையும் சாப்பாட்டுத் தூக்குமாகக் குவிந்து, கடைசியில் லில்லியே உட்கார இடமில்லாமல் நின்றாள். கண்டக்டர் சகாயம் அத்தனையையும் வாரி வெளியே போட்டான். "துண்டுக்கு அசதி கிடையாது, ஆளு வந்து உக்காருங்க!" என்று கத்தினான். பிறகு அவனே முறை வைத்தான்: ஒரு ஸ்டாப்புக்கு ஒருத்தர், கைப்பிள்ளைக்காரிக்கு இரண்டு ஸ்டாப், குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கிடையாது, ஏனென்றால் அவன் அசதியை வேறிடத்தில் இறக்கிவைத்துவிட்டு வருகிறான், டிரைவர் போஜனுக்காகக் கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவைத்துக் கொஞ்ச நேரம். பாதிரியார் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு இதில் பாவம் ஒன்றுமில்லை என்றார். மாரியம்மன் கோயில் பூசாரியும் உட்கார்ந்தார், அவரும் தெய்வக் குத்தம் ஏதுமில்லை என்றார், ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் தனக்கு முறை வேண்டும் என்று கேட்டார்.

துக்கம் அசதியில் சேருமா என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த சுருளியாண்டி என்கிற மனிதரை, சரி, உட்கார்ந்துதான் பார்க்கட்டுமே என்று உட்காரவைத்தார்கள். துக்கம் போகவில்லை. துக்கப்பட்டுப் பட்டு ஏறியிருந்த களைப்பு மட்டும் போய்விட்டது, அதனால் அவருக்கு அழத் தெம்பு வந்து, ஆனைக்கொம்பை வரைக்கும் சத்தமாக அழுதுகொண்டே போனார். சேராது என்று முடிவாயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் லில்லிக்குக் கைக்குழி குறைக்க வேண்டிய இடம் வந்தது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்குத் தெரியும், முதுகு அக்குள்வரை வந்ததும் இரண்டு ஓரத்திலும் ஊசியில் கோத்திருக்கிற கண்ணிகளை மூடிக் குறைத்தால்தான் கை வைக்க இடம் வரும். குறைக்காமல் போனால் அது ஸ்வெட்டர் அல்ல, வெறும் துணிப்பட்டை. அவள் ஓரத்துக் கண்ணியை மூடப்போகிற சமயம் பக்கத்திலிருந்த ஆயா அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"கைக்குழி வந்துருச்சு. கண்ணியக் குறைக்கணும்."

"குறைச்சா எங்களுக்கும் குறையுமில்ல?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் கெஞ்சினார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நேராவே போங்கக்கா. இன்னும் கொஞ்சம். ரெண்டு நாளைக்கு," என்றான் சகாயம். காலம் முழுக்கப் பிறர் கேட்டதைத் தொடங்கியே பழகிய கை அவளுடையது. அவள் குறைக்காமல் நேராகப் பின்னினாள். கழுத்து வரவேண்டிய இடம் வந்தது, அதையும் தாண்டிப் போனாள். மஞ்சள் நூல் தீர்ந்த அன்று, தீரக்கூடாது என்று வீட்டுக்கு வீடு மிச்சம் மீதி நூலெல்லாம் கொண்டுவந்தார்கள், ரோஸும் பச்சையும் பள்ளிக்கூட யூனிபார்ம் நீலமுமாக. முறுக்கு கொண்டுவந்தார்கள், பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்கள், கை வலிக்குமென்று தைலம் கொண்டுவந்தார்கள். அவளுக்குக் கால் வலித்தது என்பதை மட்டும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, அவளுடைய அசதியை இறக்கிவைக்க அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு லில்லிபுஷ்பம் இல்லை. உட்காரக் கிடைத்த நேரமும் இப்படி உத்தியோகமாகிப்போனது.

"ஞாயித்துக்கிழம பஸ்ஸு இல்லாம எப்படித்தான் இருக்கோமோ," என்று யாரோ சொல்லப்போக, ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போதும் அவளைப் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்தார்கள்.

அசதி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுத்த வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசினார்கள். இரண்டாம் மாதம் எஸ்டேட் துரை இதைக் கவனித்துவிட்டார். சாயங்காலமும் சோராமல் நடக்கிற ஜனத்தைப் பார்த்தவருக்கு அதைச் சும்மா விட மனசு வருமா? பகல் வேலைக்குப் போய் வந்தவர்களை ராத்திரி ஃபாக்டரிக்கும் கூப்பிட்டார். கூப்பிட்டவர் நல்ல மனிதர்தான், அதட்டவில்லை, வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்வதற்கு யாரிடமும் காரணம் இருக்கவில்லை, போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் துரையின் ஜீப்பில் ஏறினார்கள். புருஷன்மார்களும் அப்படியே கேட்டார்கள், மாமியார்களும் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் நூர்ஜஹான் டீச்சரிடம் இன்னும் இரண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். படுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீடுகளில் பாய் விரிக்காமலே விடிந்தது. கண்ணெல்லாம் உள்ளே போய், கன்னம் ஒட்டி, ஆனால் சுறுசுறுப்பாக, அவர்கள் சாயங்காலம் பஸ்ஸில் ஏறி முன்னைவிடப் பெரிய அசதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பின்னப் பின்ன நீண்ட அந்தத் துணிப்பட்டை பஸ்ஸின் கடைசி சீட்டு முழுக்க அடைத்துக்கொண்டு, நடைபாதையில் வழிந்து, லில்லியின் மடிவரை வந்து ஊசியில் முடிந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. பஸ்ஸோடு பஸ்ஸாக அங்கேயே கிடந்தது. போஜன் தினமும் கியரை மாற்றும்போது பல்லைக் கடித்தார்.

ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் மலை உச்சியில் இருக்கும்போதே, மேல் கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறாமல் நின்றுவிட்டது. போஜன் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார், மேலே பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்குது. சுமைதான் ஆகல," என்றார். எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பஸ் அசையவில்லை, அவர்களும் நிறுத்தவில்லை. களைத்து மூச்சு வாங்கி, சரி போகட்டும் என்று விட்டுவிடுகிற இடம் ஒன்று மனிதருக்கு உண்டல்லவா, அது யாருக்கும் வரவே இல்லை. தள்ளிக்கொண்டே இருந்தார்கள். உள்ளங்கை கிழிந்து தகரத்தில் ரத்தக் கறை படிந்தது.

மருதாயியின் வலது முழங்கால் பானை மாதிரி வீங்கியிருப்பதை லில்லி அப்போதுதான் பார்த்தாள். அந்தக் காலை அவள் பக்கவாட்டில் இழுத்து இழுத்து ஊன்றினாள்.

"அக்கா, உக்காருங்க."

"எதுக்கு?"

"முழங்காலப் பாருங்கக்கா."

"ஆமா, வீங்கித்தான் இருக்கு," என்றாள் மருதாயி, தள்ளுவதை விடாமல். "வலியும் இருக்கு. ஆனா எதுக்குத் தங்கச்சி உக்காரணும்?"

அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். இந்தப் பொம்பளைக்கு உட்காரத் தெரியாமல் செய்துவிட்டோமே என்று லில்லி நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. பஸ்ஸுக்குள் ஏறி, பட்டையின் நுனியை இழுத்துக்கொண்டு இறங்கி, எல்லாரும் பார்க்க ஊசியை உருவினாள்.

"அக்கா! அக்கா!" சகாயம் ஓடிவந்தான். "நாளைக்கும் ரெண்டு ஷிப்டு இருக்கு. எங்க நெலமைய நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுத்தான் பண்றேன். இது உங்களோடது தம்பி. இவ்ளோ நாளா தூக்கிக்கிட்டு இருந்தேன், எனக்கு ஆகல."

"பிரிச்சா திரும்பி வந்துருமா?"

"எந்த வரியில குடுத்தீங்களோ அந்த வரி பிரியும்போது வரும்."

ஊசி உருவிய பின்னல் பிரிய யாருடைய சம்மதமும் தேவையில்லை, ஒரு நுனியை இழுத்தால் போதும். ஆனால் இழுத்த நூலைச் சுற்றிக்கொள்ள எதிரே ஒருத்தர் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப்போட்டுப் பாழாகும். லில்லி நுனியைப் பிடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் மருதாயிதான் வந்து, கிழிந்த உள்ளங்கைகளை விரித்து நீட்டினாள். "இழு," என்றாள்.

கடைசியாகக் கொடுத்தவர் முதலில் வாங்கினார். சகாயத்தின் வரி பிரிந்தபோது அவன் பஸ் படியில் பொத்தென்று உட்கார்ந்து, "யம்மா," என்றான், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாளாகிவிட்டது. ஆயா ரோட்டோரச் சுவரில் சாய்ந்தாள். கொத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டு குந்தினார். நூர்ஜஹான் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தலைக்கு வைத்து, டீச்சர் என்றும் பாராமல் புல்லில் படுத்தார். பச்சை பிரிந்தது, ரோஸ் பிரிந்தது, நீலம் பிரிந்தது, நூல் மருதாயியின் கையிலிருந்து எடுத்துச் சுருட்டச் சுருட்ட உருண்டையாகிக்கொண்டே வந்தது, பூசாரி உட்கார்ந்தார், போஜன் உட்கார்ந்தார். மருதாயிக்கு வரவேண்டியது மற்றவர்களுக்கு நடுநடுவே வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, முதலில் குனிந்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு தரையில் அமர்ந்து, "ஐயோ என் காலே, இத்தன நாளா ஒன்னய எப்படிப் போட்டு அடிச்சேன்," என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதபடியே கையை மட்டும் மறுபடி நீட்டினாள்.

மஞ்சள் வந்தது. மஞ்சளும் பிரிந்தது, சுருளியாண்டி தன் வரி வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு அப்படியே தூங்கிப்போனார். மருதாயி முதன்முதல் சாய்ந்து உட்கார்ந்த வரிகளுக்கு வந்தபோது அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கொஞ்சம் இருக்கட்டும் தங்கச்சி. ஒன் முதுகுல நான் சாஞ்சிருக்கேன்னு நெனச்சுக்க."

லில்லி தலையாட்டினாள். கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் திரும்ப ஏற்றினாள். கைக்குழிக்கு ஒரு விரல் குறைவுதான், அக்குளில் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை.

அப்போதுதான் துரையின் ஜீப் வந்தது. ராத்திரி வேலைக்கு ஆள் வந்து சேரவில்லையே என்று அவரே தேடி வந்திருந்தார். ரோட்டில் ஊரே சாய்ந்து கிடப்பதைப் பார்த்து ஹாரன் அடித்தார். யாரும் எழவில்லை.

"மருதாயி, வர முடியுமா?" என்று வழக்கம்போல நல்லவிதமாகவே கேட்டார்.

மருதாயி ஒரு கண்ணைத் திறந்தாள். "முடியாது தொரை."

"முடியாதுங்க," என்றாள் ஆயா. "ஆகாது," என்றார் கொத்தனார் தூக்கத்தில். சுவரோரம் நெடுக அந்தச் சொல் கொட்டாவியோடு போயிற்று.

துரை ஜீப்பை விட்டு இறங்கினார். பிறகு, நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் லில்லிபுஷ்பம் என்பதால் அவளிடம் வந்து, ரோட்டில் கிடந்த நூலுருண்டைகளைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாவம், எவ்வளவு கஷ்டப்படுறாங்க பாருங்க. திரும்பப் பின்னிடுங்கம்மா. நூலு எவ்வளவு வேணுமோ நான் வாங்கித் தர்றேன். என்ன கலர் வேணும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. கஷ்டப்படத்தான் செய்தார்கள். அத்தனை நாளைய அசதியும் ஒரே நேரத்தில் வந்து எலும்பில் இறங்கியிருந்தது. அவர் கேட்டதைக் கேட்டு, படுத்திருந்தவர்களில் பலரும் கண் திறந்து லில்லியைப் பார்த்தார்கள். ஒரு வரி பின்னினால் போதுமே என்கிற ஆசை அந்தக் கண்களில் இருந்தது.

லில்லிக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை.

"இது எனக்குப் பின்றது சார்," என்றாள். "என் அளவு. வேற யாருக்கும் பத்தாது."

சொல்லிவிட்டு மருதாயிக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஓரத்துக் கண்ணிகளை மூட ஆரம்பித்தாள். துரை ஜீப்பில் ஏறினார். ஜீப் காலியாகத் திரும்பியது. அவளுக்குக் கால் வலித்தது, கண் சொக்கியது, கை மெதுவாகத்தான் ஓடியது. ஊசியில் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யாருக்கும் அசதி குறையவில்லை.